ஒரே வாசலில் இரண்டு பார்ட்டி

என் தொழிலில் மனிதர்கள் என்று யாரும் கிடையாது. எல்லோரும் பார்ட்டிதான். வீடு கேட்டு வருகிறவன் பார்ட்டி, வீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனும் பார்ட்டி. நல்ல பார்ட்டி என்றால் கேட்டதைக் கொடுக்கிறவன். நல்லவன் என்று அர்த்தமில்லை. காய்ந்த பார்ட்டி என்றால் ஊரிலுள்ள வீட்டையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு டீ கூட வாங்கித் தராதவன். "அவன் ஒரு மாதிரிப் பார்ட்டி" என்று கண்ணைச் சுருக்கிச் சொன்னால், பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். தேர்தல் வந்தால் கொடி கட்டுகிறவர்களும் பார்ட்டி. கோர்ட்டில் எதிரே நிற்கிறவன் எதிர்ப் பார்ட்டி. வண்டி இன்சூரன்ஸில் மூன்றாவது பார்ட்டி என்று ஒருவன் வருகிறான், அவனை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. போதாததற்கு, கேக்கை வெட்டிக் கைதட்டினால் அதுவும் பார்ட்டி.

நான் வீட்டுப் புரோக்கர். பையில் எப்போதும் பத்து வீட்டுச் சாவியாவது கிடக்கும், நடந்தால் சத்தம் வரும். அதனால் தெருவில் எனக்குச் சாவிக்காரர் என்று பெயர். படிப்பு கொஞ்சம்தான். ஆட்களைப் படிப்பேன். யாரையும் நம்பமாட்டேன். இந்த இரண்டையும் வைத்துத்தான் குடும்பத்தை ஓட்டினேன்.

நான் பிடித்துக் கொடுத்த வீட்டில் ஒரு இங்கிலீஷ் வாத்தியார் குடியிருந்தார். அவரிடம் ஒருநாள் கேட்டேன்.

"ஏன் சார், பார்ட்டின்னு ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை கொடுத்தா அது எப்படி சார் நேர்மையா இருக்கும்?"

அவர் சிரித்தார். "இங்கிலீஷ்காரங்களும் அந்தச் சொல்லை இப்படித்தான் எல்லாத்துக்கும் வெச்சுக்கிட்டிருக்காங்க. ஆதியில அதுக்குப் பிரிஞ்ச துண்டுன்னுதான் பொருள். ஒண்ணா இருந்தது ரெண்டாச்சுன்னா, ஆளுக்கொரு பக்கம். அந்தப் பக்கம்தான் பார்ட்டி."

சுவரில் ஆணி அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடித்த ஆள் அவர். அதனால் அவர் சொன்னதில் பாதியைத்தான் நம்பினேன்.

தொழிலில் எனக்கு ஒரே ஒரு சட்டம். இரண்டு பார்ட்டியும் நேரில் பேசக் கூடாது. ஆரம்ப காலத்தில் தெரியாமல் ஒரு வீட்டுக்காரரையும் குடிவர இருந்தவரையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் இடது முழங்காலில் வலி. எந்தத் தைலம், எந்த டாக்டர் என்று பேச ஆரம்பித்தவர்கள் என்னை மறந்தே போனார்கள். மறுவாரம் அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். நான் தெருவில் நின்றேன். அன்றிலிருந்து ஒருவர் முன்படியில் ஏறினால் மற்றவர் பின்படியில் இறங்கியிருப்பார். நடுவில் நான் மட்டும்தான்.

சட்டத்துக்கு ஒரு கிளையும் உண்டு. பார்ட்டி முதல் நாள் சொல்வதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. வீட்டுக்காரர் வாடகையில் இறங்கி வந்தால் அதைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். குடிவருகிறவர் ஏறி வந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் கொஞ்சம் தவிக்க வேண்டும். தவித்தால்தான் முடிகிற இடத்தில் முடியும். எத்தனையோ வீட்டை இப்படித்தான் முடித்திருக்கிறேன்.

என் மகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை ஒரு பெரிய கம்பெனியில் ஏசி மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனியில் பார்ட்டி என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இவளும் புதுச்சேலை கட்டிக்கொண்டு, யாருக்குப் பிறந்தநாளோ என்று சிரித்தபடி போயிருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேனேஜர் எழுந்து, நம்மை விட்டுப் போகிற நண்பர் என்று மாப்பிள்ளையின் தோளைத் தொட்டிருக்கிறார். வேலையை விட்டாயிற்று, சொந்தமாகத் தொழில், இன்றைக்கு வழியனுப்பு விழா. ஊருக்கே தெரிந்திருக்கிறது. பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. கைதட்டல் நடுவில் இவளும் கை தட்டியிருக்கிறாள். அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"வேலையை விட்டதுக்கு நான் வரலப்பா," என்றாள். முகம் கழுவியும் கண் சிவப்பு போகவில்லை. "அத்தனை பேர் எதிர்ல ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன் பாருங்க, அதுக்குத்தான் வந்தேன்."

"சரிம்மா. நான் பாத்துக்கறேன். நீ பேசாதே. போனை எடுக்காதே."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னத்தைப் பாத்துக்கப் போறீங்க? அவரை வரச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல உட்கார வெச்சுக் கதவைச் சாத்துங்க. அவ்வளவுதான்."

"தொழில் தெரியாம பேசாதே."

"தொழிலா? நம்ம பொண்ணுங்க அவ."

"நீ குறுக்கே வராதே. மாப்பிள்ளைக்குப் போன் கீன் பண்ணினே, காரியம் கெட்டுடும்."

மறுநாள் காலையிலேயே மாப்பிள்ளை தெருமுனை டீக்கடைக்கு வந்து எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். தலை வாரியிருக்கவில்லை. சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் நீட்டிக்கொண்டிருந்தது.

"தப்பு என் மேலதான் மாமா. சொன்னா வேணாம்னுடுவாளோன்னு பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே தள்ளிட்டேன். அப்புறம் கம்பெனியில அவங்களே பார்ட்டி வெச்சுட்டாங்க. அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க. வரச் சொன்னா இப்பவே வீட்டுக்கு வரேன்."

டீயை ஆற்றியபடி அவரைப் பார்த்தேன். முதல் நாளே இவ்வளவு இறங்குகிற பார்ட்டியை நான் பார்த்ததில்லை. இதை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் அவளுக்கு அதன் அருமை தெரியாது, நாளைக்கு இவரும் இதேபோல் இன்னொன்று செய்வார், இவ்வளவு சுலபத்தில் முடிகிறதே என்று நினைப்பார் என்று எனக்குப் பட்டது. கொஞ்சம் தவிக்கட்டும். நல்லதுக்குத்தான்.

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை," என்றேன். "அவ ரொம்பக் கோபத்துல இருக்கா. போன் பண்ணினா இன்னும் ஏறும். நான் சொல்றப்ப வாங்க."

வீட்டுக்கு வந்தேன். மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையைப் பின்னியபடியே கேட்டாள். "அவரைத்தானே பார்த்துட்டு வரீங்க? என்ன சொன்னார்?"

"யோசிக்கிறார்."

பின்னல் நின்றது. "யோசிக்கிறாரா? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஆம்பளைங்க அப்படித்தான். ஒரேயடியா இறங்க மாட்டாங்க."

அவள் பையை எடுத்து மாட்டினாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "அவர் நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா நான் போயிடுவேன்ப்பா. அவர்கிட்ட சொல்லிடுங்க."

அதையும் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க நான் நடந்தேன். மாப்பிள்ளை தன் ஏசி ரிப்பேர் கடைக்கு இடம் பார்த்துவிட்டு வரும் வழியில் டீக்கடையில் நிற்பார். "ஏதாவது சொன்னாளா மாமா?" என்பார். "இன்னும் இறங்கலை," என்பேன். மகள் வேலை முடிந்து வருவாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே என் முகத்தைப் பார்ப்பாள். "இன்னும் பிடி கொடுக்கலை," என்பேன். பொய் என்று சொல்ல முடியாது. கைப்பக்குவம். அளவு குறைத்தோ கூட்டியோ கொடுப்பது.

ஆனால் வீட்டு விஷயத்தில் தவிக்கிற பார்ட்டி அடுத்த நாள் கொஞ்சம் இறங்கி வரும். இந்த இரண்டு பேரும் ஏறிக்கொண்டே போனார்கள். மாப்பிள்ளை தலையை வாரிக்கொண்டு வர ஆரம்பித்தார். பேச்சு குறைந்தது. மகள் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்; செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனாள்.

என் மனைவிக்கு மூக்கு கூர்மை. "ஏங்க, மாப்பிள்ளை நிஜமாவே மன்னிப்புக் கேட்கலையா? அவர் ஒரு கொசுவை அடிச்சாக்கூட வருத்தப்படற ஆளாச்சே."

"எல்லாம் நடந்துக்கிட்டிருக்கு."

"நடக்கறது நீங்க மட்டும்தான்."

பிறகு ஒருநாள் மகள் என் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வீடு கேட்டு வருகிறவர்கள் உட்காருவது போலவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"மருந்துக்கடைப் பக்கத்துல ஒரு ரூம் பாருங்கப்பா. சின்னதாப் போதும். நான் ஒருத்திதான்."

"இங்கேயே இரேன்மா."

"இங்கே இருந்தா எதிர்பார்த்துக்கிட்டே இருக்கேன்."

அடுத்த நாள் டீக்கடையில் மாப்பிள்ளை உட்காரவே இல்லை. நின்றபடியே சொன்னார். "அந்தப் பெரிய வீடு இனி எதுக்கு மாமா? காலி பண்ணிடறேன். கடையிலேயே ஒரு மூலையில படுத்துக்குவேன். வேற யாராவது பார்ட்டி இருந்தா விட்டுடுங்க."

பார்ட்டி என்று அவர் சொன்னது எனக்கு என்னவோ போல் இருந்தது. அந்த வீட்டை நான்தான் அவர்களுக்குப் பிடித்துக் கொடுத்தேன். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் அந்த வீட்டைப் பார்க்க வந்தபோது, சமையலறை ஜன்னல் கொக்கி உடைந்திருந்ததை மாப்பிள்ளை அங்கேயே நின்று சரிசெய்தார். எந்தக் குடித்தனக்காரனும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கொக்கி மாட்டியதை நான் பார்த்ததில்லை. ஏமாளிப் பார்ட்டி என்று அன்றைக்கு நினைத்தேன்.

மகளுக்கு ஒரு ரூம் கிடைத்தது. மருந்துக்கடைக்கு இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடி. ஒரு அறை, அறைக்குள்ளேயே தடுத்த சமையல் மூலை, கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் கொஞ்சம் இடக்கு. சாயந்திரம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு ஆளாக இருந்தால் வெளிச்சம் பாருங்க, காற்று பாருங்க என்று ஆரம்பித்திருப்பேன். அவளிடம் வாய் வரவில்லை. சாவியைத் திருகிக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அவள் வீடு பார்க்கிறவர்கள் செய்வதையெல்லாம் செய்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். ஜன்னலைத் தள்ளினாள். சமையல் மேடைக்கு மேலே உயரத்தில் ஒரு சிமென்ட் தட்டு இருந்தது. குதிகாலைத் தூக்கிக் கையை நீட்டினாள். எட்டவில்லை.

"இதுல டப்பா வெச்சா எடுக்க முடியாது. அவர் இருந்தாத்தான்," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையை இறக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

எத்தனையோ காலி வீட்டில் எத்தனையோ பார்ட்டியோடு நின்றிருக்கிறேன். யாருக்கு வீடு பிடித்துவிட்டது, யார் பிடிக்காத மாதிரி நடிக்கிறார்கள் என்று முதுகைப் பார்த்தே சொல்வேன். அந்த முதுகைப் பார்த்தேன். இந்த வீட்டை அவள் எடுத்துக்கொள்வாள். சாமான் வைப்பாள். அந்தத் தட்டில் மட்டும் எதையும் வைக்கமாட்டாள். நான் பேசி முடித்ததிலேயே சுத்தமாக முடிந்த காரியம் இதுவாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் சொன்னதை நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டதால் முடிந்த காரியம்.

படிக்கட்டுக்கு வந்து மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"மாப்பிள்ளை, ஒரு வீட்ல ஏசி மாட்ட இடம் பார்க்கணும். அவசரம். பார்ட்டி காத்துக்கிட்டிருக்கு. வாங்க."

நேராகச் சொல்லியிருக்கலாம். வாய்க்கு அந்த வழி பழக்கமில்லை.

அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "போலாமாப்பா?"

"இரும்மா. கழிவறைத் தாழ்ப்பாளைச் சரியாப் பார்த்துக்க. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சரிபண்ணணும்ல."

அவளும் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை டூல் பெட்டியோடு படி ஏறி வரும் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவித்தான் ஏறுவார். உள்ளே தாழ்ப்பாள் சத்தம் நின்றது. அவளுக்கு அந்தக் கால் சத்தம் தெரியும்.

வாசலில் வந்து நின்றவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாமா, ஏசின்னீங்க?"

"உள்ளே போய்ப் பாருங்க," என்றேன். "நான் கீழ இருக்கேன்."

பெட்டியோடு உள்ளே போனார். வெளியிலிருந்து கதவைச் சாத்தினேன். என் மனைவி முதல் நாளே சொன்ன வேலை.

கீழே வந்து தெருவில் நின்றேன். எதிரே ஒருவன் கடை ஷட்டரை எண்ணெய் விட்டு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் மேலே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டே பழகிய காது. ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒருமுறை மகளின் குரல் உயர்ந்தது. பிறகு இரண்டு குரலும் சேர்ந்து உயர்ந்தது. போச்சு, ஏறிவிட்டது, நடுவில் ஆள் இல்லாமல் விட்டால் இப்படித்தான் என்று படியில் கால் வைத்தேன். வைத்த காலை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் சத்தமே இல்லை. ஷட்டர்காரன் கூட வேலையை முடித்துக்கொண்டு கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

இருட்டுவதற்குள் இறங்கி வந்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். அவளுடைய கைப்பை அவர் தோளில் தொங்கியது.

"அப்பா," என்றாள். குரல் தணிந்துதான் இருந்தது. எனக்கு அதுதான் பயம். "மறுநாள் காலையிலேயே இவர் மன்னிப்புக் கேட்டாராமே."

நான் சாவியைத் தேடுவது போல் பைக்குள் கைவிட்டேன்.

"நேர்ல வந்து சொன்னாப் போயிடுவேன்னு நான் சொன்னேனே. அதை இவர்கிட்ட ஏன் சொல்லலை?"

"நல்லதுக்குத்தான்மா. கொஞ்சம் பொறுத்தா..."

"யாருக்கு நல்லதுக்கு?"

மாப்பிள்ளை அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் குரல் உயர்ந்ததில்லை. அன்றைக்கும் உயரவில்லை.

"நான் உங்ககிட்ட கொடுத்தது அவகிட்ட கொடுக்கத்தான் மாமா. நீங்களே வெச்சுக்கிட்டீங்க."

"விடுங்க," என்று அவள் அவர் கையைத் தொட்டாள். "இவரே வேலையை விட்டதை மறைச்ச ஆளு, அதுக்கு இன்னும் நான் கேட்டு முடிக்கலை. இப்ப உங்ககிட்ட வேற சண்டை போட எனக்குத் தெம்பு இல்லப்பா."

இரண்டு பேரும் ஒரே பக்கமாக நின்றார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். வாத்தியார் சொன்ன துண்டுக் கணக்கு அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அவர்கள் ஒன்றாகிவிட்டார்கள், இப்போது பிரிந்த துண்டு நான். அன்றைக்கு நம்பாமல் விட்ட பாதியையும் சேர்த்து வாத்தியாரை நம்பியிருக்கலாம்.

போய்விட்டார்கள். வா என்றோ வரேன் என்றோ சொல்லவில்லை. தெருமுனையில் அவர் டூல் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார், அவள் ஏதோ சொன்னாள், அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பிறகு இரண்டு பார்ட்டியும் சேர்ந்து என்னைக் கழற்றிவிட்டது இப்போதுதான்.

மேலே போய் ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டினேன். வீட்டுக்காரர் போன் செய்தார்.

"என்னய்யா சாவிக்காரரே, பார்ட்டி என்ன சொல்லுது?"

"பிடிக்கலையாம்."

"எது பிடிக்கலை? தாழ்ப்பாளா?"

"புரோக்கரை."

அவர் சிரித்துவிட்டு வேறு பார்ட்டி கொண்டு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி மகளின் துணியையெல்லாம் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்பது அவள் மடிக்கிற வேகத்திலேயே தெரிந்தது. அந்தப் புதுச்சேலையைத் தனியாக நீவி மேலே வைத்தாள்.

"ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சது நான்தான், தெரியுமா?" என்றேன்.

"பிரிச்சு வெச்சது?"

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் பை ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இதை நான் கொண்டு போய்க் கொடுத்துட்டு வரேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். போட்டுச் சாப்பிடுங்க."

"கனமா இருக்கே. நான் தூக்கிட்டு வரேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் வீட்டுக்காரர்களைப் பார்ப்பது போல என்னையே எடைபோட்டுப் பார்த்தாள்.

"தூக்குங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டேன். சத்தமில்லாமல் அவள் பின்னால் நடந்தேன். அந்தப் பெரிய வீட்டு வாசலில் மகள்தான் கதவைத் திறந்தாள். பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். என்ன கொடுத்து அனுப்பினார்களோ, அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.